சேற்றிலிருந்து பிடுங்கிய கால்

டெய்லர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சொன்ன நாளில் துணியைக் கொடுத்தார். வாங்க வந்தவர் அதிர்ச்சியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தெளியவைத்து அனுப்பக் கடையை அரைநாள் மூட வேண்டியதாயிற்று. மற்ற நாளெல்லாம் "நாளைக்கு வாங்க"தான். முதல் வகுப்பில் சேர அளவு கொடுத்துவிட்டுப் போன பையன் ஒருவன், கடைசியில் தன் மகனைக் கூட்டிவந்து அந்தச் சட்டையைப் போட்டு அழைத்துப் போனான். கச்சிதமாகப் பொருந்தியது. டெய்லரின் கை அப்படி.

கடைக்கு நேர் மேலே பல் டாக்டரம்மாவின் கிளினிக். மேலே டிரில் ஓடும்போது கீழே தையல் மிஷின் ஓடும். நாளாவட்டத்தில் இரண்டும் ஒரே சுருதிக்கு வந்துவிட்டதால், எது பல்லைக் குடைகிறது, எது கால்சட்டையைத் தைக்கிறது என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தொழிலில் ஊறிய பழக்கம் ஒன்று உண்டு. வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாகப் படுத்திருப்பவரிடம் கேள்வி கேட்பார்: "பையன் வேலைக்குப் போறானா?" அவரால் பேச முடியாதே, அதனால் பதிலையும் இவரே சொல்லிவிடுவார்: "போறான், போறான். நல்லது."

டெய்லர் மனைவியை இழந்தவர். டாக்டரம்மா கணவரை. மாலையில் மேலேயிருந்து ஒரு பிளாஸ்க் டீ இறங்கும். கீழேயிருந்து பட்டன் வைத்த வெள்ளைக் கோட்டு ஏறும். பட்டன் அறுந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

இப்போது கிளினிக்கை மூடியாயிற்று. நாற்காலியைச் சலூன்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதில் உட்காருகிறவர்கள் முடி வெட்டும்போதும் வாயைத் திறப்பதாகக் கேள்வி. டாக்டரம்மா வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறார். போவதற்கு முன் கடலோரப் பாதையில், உப்புச் சதுப்பின் ஊடே போகும் அந்தப் பகுதியையாவது நடந்து பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதன் மறுகோடியில் கலங்கரை விளக்கம். அங்கே மாப்பிள்ளை பெட்டிகளை ஏற்றிய காரோடு காத்திருப்பார்.

"துணைக்கு வர்றீங்களா டெய்லர்? வருவீங்க. அப்ப காலைல கிளம்பிடலாம்" என்று, கேள்வியும் பதிலும் தானே சொல்லி முடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, டெய்லரின் அக்கா கடை வாசலில் வந்து நின்றாள்.

"டேய், இன்னிக்குக் கேட்டுடு. போகாதீங்க, நாம கல்யாணம் பண்ணிக்கலாம்னு நேராவே கேளு. வாய்ல ஊசிய வெச்சுக்கிட்டே காலத்த ஓட்டிட்ட."

"இந்த வயசுலயா அக்கா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. பல்லெல்லாம் அவங்க கட்டிக் குடுத்ததுதானே!"

டெய்லர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கேட்டாக வேண்டும். அதற்கப்புறம் கார்ப் புகையிடம்தான் கேட்க முடியும்.

முதலில் மண்கரை, பிறகு பலகைப் பாதை. இரண்டு பக்கமும் உமரிச் செடி பச்சையும் சிவப்புமாகப் படர்ந்து கிடந்தது. இடையிடையே ஓடைகள், கடல் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற வழிகள். மற்றதெல்லாம் சேறு. அந்தச் சேற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு ஒரு சினைமாடு அதில் மாட்டிக்கொண்டது. ஊரே கூடி இழுத்தும் வரவில்லை. ஒருவழியாக வெளியே வந்தபோது கூடவே கன்றும் வந்தது, அதுவும் கொம்பு முளைத்த கன்றாக. நம்பாதவர்கள் அந்த மாட்டையே கேட்டுக்கொள்ளலாம்.

நண்டுகள் வளை வாசலில் நின்று ஒரு கையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. டெய்லர் மரியாதை தெரிந்தவர். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டே வந்ததில் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்.

"காத்து நல்லாருக்கில்ல? நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு முட்டி வலிக்குதா? வலிக்காது, நீங்க ஒல்லி."

டெய்லர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பதில் முடிந்துபோயிருந்தது.

பாதையோர பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள். ஒரு கூட்டம் உள்ளான் குருவிகள் எழும்பி, ஒரே சமயத்தில் திரும்பி, வெள்ளையாகப் பளிச்சிட்டுக் காணாமல் போயின. டாக்டரம்மாவின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது.

"இவ்வளவு பக்கத்துல இருந்திருக்கு, ஒரு நாள் வந்து பாக்கலயே. நான் பாத்ததெல்லாம் மேல்வரிசை, கீழ்வரிசைதான்."

டெய்லருக்கு அப்போதே சொல்லிவிடலாம் போல இருந்தது. வாய் நிறைய ரொட்டி. அதை விழுங்குவதற்குள் டாக்டரம்மா எழுந்துவிட்டார்.

வளைவு திரும்பியதும் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதன் அடியில் ஒரு நீலக் கார். டாக்டரம்மா நின்று திரும்பினார்.

"காலைலேருந்து பாக்கறேன். கடவாய்ப்பல் வலிய மறைக்கிற ஆளு மாதிரியே மூஞ்சிய வெச்சிருக்கீங்க. என்கிட்ட ஏதாவது சொல்லணுமா டெய்லர்?"

டெய்லரின் வாய், மூளையை ஒரு வார்த்தை கேட்காமல், காலமெல்லாம் சொல்லிவந்ததையே சொல்லிவிட்டது.

"நாளைக்குச் சொல்றேன் டாக்டர்."

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேனே" என்றார் அவர். பிறகு பழக்கப்படி தானே முடித்துவைத்தார். "பெரிசா ஒண்ணும் இருக்காது. நடங்க."

தன்மேலேயே பொத்துக்கொண்டு வந்த கோபத்தில் டெய்லர் காலை ஓங்கி மிதித்தார். மிதித்த இடத்தில் பலகை இல்லை. வலது கால் முட்டிவரை சேற்றுக்குள் போய்விட்டது. மற்ற கால் பலகையில் மடங்கிக் கிடந்தது.

"அசையாதீங்க! இழுக்கவும் இழுக்காதீங்க!" டாக்டரம்மா பலகையில் மண்டியிட்டு மேலாடைக் கைகளைச் சுருட்டி விட்டுக்கொண்டார். "கடவாய்ப்பல்லும் இதுவும் ஒண்ணுதான். இழுத்தா வராது. முன்னயும் பின்னயும் ஆட்டி, கொஞ்சம் கொஞ்சமா இடம் பண்ணித்தான் எடுக்கணும்."

இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்தார். குனிந்ததும் தோளிலிருந்த பை வழுக்கிச் சேற்றை நோக்கி இறங்கியது. பிடிக்க மூன்றாவது கை இல்லை. பையின் வாரைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

ஓடையில் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவிடமிருந்து பேச்சே இல்லை. டெய்லர் குனிந்து பார்த்தார். இந்த அம்மாவின் வாய் நிறைந்தும் தன் வாய் காலியாகவும் இருக்கிற நேரம் அவருக்கு இதற்குமுன் வாய்த்ததே இல்லை.

"டாக்டர், போகாதீங்க."

"ம்ம்?"

"மேல சத்தம் நின்னதுலேருந்து எனக்குத் தையல் கோணிக்கிட்டுப் போகுது. போன வாரம் ஒரு சட்டைக்கு ரெண்டும் இடது கையாவே வெச்சுட்டேன்."

"ம்ம்ம்."

"அந்த ஆளு பாவம், ஒண்ணும் சொல்லாம போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. நாம கல்யாணம் பண்ணிக்கலாம் டாக்டர். ஊரு என்ன வேணா சொல்லிக்கட்டும்."

"ம்ம்! ம்ம்ம்ம்!"

இது எந்த வகை 'ம்' என்று டெய்லருக்கு விளங்கவில்லை. அதற்குள் கால் 'பளக்' என்று வெளியே வந்தது. அந்தச் சத்தத்துக்கு எழும்பிய கொக்குகளில் சில இன்னும் இறங்கவில்லை என்கிறார்கள். ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

டாக்டரம்மா வாரைத் துப்பினார். மூச்சு வாங்கியது.

"வாய்ல ஒண்ண வெச்சிருக்கறவங்ககிட்ட கேள்வி கேக்கறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு இன்னிக்குத்தான் தெரியுது. எத்தன பேரு திட்டியிருப்பாங்களோ!"

"அப்ப... பதில்?"

"தண்ணி ஏறுது. மொதல்ல நடங்க."

மிச்சப் பாதையில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டெய்லருக்குச் சேற்றைவிட அதுதான் பயமாக இருந்தது. ஒரு கால் ஷூவிலும் ஒரு கால் சாக்ஸிலுமாக, சப்புச் சப்பென்று பின்னால் போனார்.

காரின் டிக்கி திறந்திருந்தது. மாப்பிள்ளை ஓடிவந்தார்.

"வாங்க அத்தை. ஐயோ சார், என்ன இது கோலம்?"

"மாப்பிள்ளை, அந்தப் பெரிய பெட்டிய இறக்குங்க" என்றார் டாக்டரம்மா.

"எதையாவது எடுக்கணுமா அத்தை?"

"எடுக்க இல்ல, விட்டுட்டுப் போக. சின்னது போதும். பேத்தியோட கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பி வந்துடுவேன்."

"திரும்பியா? வீட்ட காலி பண்ணியாச்சே. எங்க வருவீங்க?"

"இவரு வீட்டுக்கு."

மாப்பிள்ளை டெய்லரைத் தலையிலிருந்து சேற்றுக்கால்வரை பார்த்தார். "உங்க பொண்ணு என்னைத்தான் கேப்பா அத்தை."

"அவகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டினா போதும்." பிறகு டெய்லர் பக்கம் திரும்பினார். "பெட்டியப் பத்திரமா பாத்துப்பீங்களா?"

கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். பதில் உதடுவரை வந்து முட்டியது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"பாத்துக்கறேன்" என்றார் டெய்லர்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் இரண்டு டிக்கெட் கேட்டார். கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னொருத்தர் எங்கண்ணே?"

டெய்லர் ஜன்னலோர சீட்டைக் காட்டினார். அங்கே பெரிய பெட்டி உட்கார்ந்திருந்தது.

"அதைத் தூக்கி மேல வைங்கண்ணே. டிக்கெட் எதுக்கு?"

"இருக்கட்டும்ப்பா. வெளிய பாத்துக்கிட்டு வரட்டும்."

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். டெய்லரின் சேற்றுக் காலைப் பார்த்தார். இரண்டு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் போனார்.