சுருதி கொடுத்தது யார்

சுகாதாரத் துறைக் கட்டடத்தின் மேல்மாடியில், கூட்ட அறைக்கு வெளியே மூவர் காத்திருந்தனர். நடுவில் பேருந்து ஓட்டுநர். பக்கவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் ஒருசேரப் பறித்திருந்தது. ஒருபுறம் அவர் மனைவி. மறுபுறம், அரசு மருத்துவமனையில் தற்காலிக ஏற்பாடாக இசை சிகிச்சை அளித்துவரும் பெண். பேச வராத சொற்களை மெட்டில் ஏற்றிப் பாட வைத்து, பிறகு அந்த மெட்டை மெல்லக் கரைத்துப் பேச்சாக்குவது அவள் பணி. அதை முறையான சிகிச்சையாக அரசு ஏற்பதா என்பதை இன்று குழு முடிவு செய்யும். மறுத்தால் மாத இறுதியில் அவளது அறை பூட்டப்படும். ஓட்டுநர் பாதிப் பேச்சோடு வீடு திரும்புவார்.

"கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு, பாட்டு டாக்டரம்மா? பரீட்சை இவருக்குத்தானே?" என்றாள் மனைவி.

"இவர் பாஸாயிடுவார். எனக்குத்தான் பயமா இருக்கு."

"இவரா? வாழ்நாள் பூரா வாய்க்குப் பதிலா ஹாரனைத்தான் அடிச்சாரு. இப்பத்தான் ரெண்டு வார்த்தை வருது, அதுவும் பாட்டா!"

ஓட்டுநர் இடது கையால் மனைவியின் முழங்கையைக் கிள்ளினார். கதவு திறந்தது.

உள்ளே குழுத் தலைவர் நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிட்டார். "நீங்க பின்னாடி போய் உட்காருங்க மேடம். தொடக் கூடாது, பாடக் கூடாது. இவர் தானா பேசணும்."

நியாயம்தான் என்றே அவளுக்குத் தோன்றியது.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?"

ஓட்டுநர் நாள்தோறும் சொல்லிப் பழகிய வாக்கியத்துக்கான கேள்வி அது. இடது கை தொடையில் தாளம் தட்டியது. வாய் திறந்தது. ஒலி எழவில்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார், வழக்கமாக வரும் ஒன்று இன்னும் வராததைப் போல.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் வாய் மூடியபடி ஒரு சுரத்தை முனகிச் சுருதி தருவாள். மேடையில் பாடிய காலத்திலிருந்து ஊறிப்போன பழக்கம். அதைச் சிகிச்சையின் பகுதியென்று அவள் எண்ணியதேயில்லை. மெட்டைக் கரைத்தவள், அந்த ஒற்றைச் சுரத்தைக் கரைக்க மறந்திருந்தாள்.

உறுப்பினர் ஒருவர் பேனாவை மூடினார். கணவரின் பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவி, இருமலை அடக்குவதுபோல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தண்... ணி... வேணும்."

"பரவாயில்லையே!" தலைவர் தம் குவளையையே அவர்முன் நகர்த்தினார்.

கைக்குட்டைக்குள் எழுந்த முனகல், ஓட்டுநரைத் தவிர, பின்னால் இருந்த சிகிச்சைப் பெண்ணின் பழகிய காதுக்கு மட்டுமே எட்டியிருந்தது. தான் வாய் திறக்காவிட்டால் அறை பிழைக்கும். ஆனால் அனுமதி கிடைத்தபின் எல்லா மருத்துவமனைகளும் இதே முறையைத்தான் பின்பற்றும். அங்கும் நோயாளிகள் வாய் திறந்து, யாராவது தொடங்கிவைப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் எழுந்தாள்.

"சார், அவர் தானா ஆரம்பிக்கல. வீட்டம்மா சுருதி குடுத்தாங்க. அவங்க மேல தப்பில்ல. சுருதி இல்லாம ஆரம்பிக்க நான் அவருக்குச் சொல்லித்தரல."

"அப்ப இது சிகிச்சையே இல்லைன்னு நீங்களே சொல்றீங்களா?"

"பாதி சிகிச்சைன்னு சொல்றேன், சார். மீதியை முடிக்கத்தான் அந்த அறை வேணும்."

தலைவர் பக்கத்திலிருந்தவர்களோடு தணிந்த குரலில் பேசினார்.

"அடுத்த கூட்டத்துக்கு மறுபடி வாங்க. அதுவரைக்கும் அறை இருக்கும். அன்னைக்கு அந்தம்மா வெளியதான் இருக்கணும். அப்பவும் முடியலன்னா, இத்தோட முடிஞ்சுது."

வெளியே வந்ததும் மனைவி வெடித்தாள். "நல்லாத்தானே போச்சு! இவருக்குப் பேச்சு வரமாட்டேங்குது, உங்களுக்கு நிக்க மாட்டேங்குது!"

அவள் லிப்டின் பொத்தானை அழுத்தினாள். லிப்ட் அருகே ஓட்டுநர் நின்றார். ஏதோ சொல்ல முனைந்தார். இடது கை தொடையைத் தட்டியது, வாய் திறந்தது, கண்கள் சிகிச்சைப் பெண்ணிடம் வந்தன. சுரம் தானாகவே அவள் தொண்டைக்கு ஏறியது. உதடுகளைக் கடித்து மூடிக்கொண்டாள். மனைவியின் கை கைக்குட்டையை நோக்கிப் போவதைக் கண்டு அதைப் பற்றி நிறுத்தினாள்.

லிப்ட் வந்தது, திறந்து, மூடி, கீழே போனது. அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.