மாப்பிள்ளை கட்டிய கட்டு

என் அப்பாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை என்று எதுவும் இருந்ததில்லை. பேச்சும் இருந்ததில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்து தங்கி இரண்டு வருஷம். அத்தனை நாளும் இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "மாப்பிள்ளை சாப்பிட்டாராம்மா?" என்று அப்பா கேட்பார், மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. "மாமாவுக்கு ஃபேன் வேணுமான்னு கேளு" என்பார் இவர். நான் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். பகலெல்லாம் கண்ணாடி ஓட்டை வழியாகக் கத்திவிட்டு வந்து, வீட்டிலும் ஒலிபெருக்கி வேலை பார்த்தேன்.

அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். முப்பத்தெட்டு வருஷமாக ஒரே நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நின்றவர். இவருக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இழுத்துக் கட்டுவார். இரண்டு பேருமே கைவேலைக்காரர்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி.

அந்த மழைக்காலத்தில் அப்பாவிடம் சில புதுப் பழக்கங்கள் வந்தன. வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டார். தன் துணியைத் தானே துவைத்தார். ஷேவிங் லோஷன் வாசனை ஆளுக்கு முன்னால் வந்து நின்றது. கேட்டால், "வயசானா குளிரும்மா" என்றார். நானும் நம்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்து வந்த கோடையில், கடையில் ஃபேன் ஓடவில்லை என்று ஒரு மத்தியானம் இவர் பார்க்கப் போனார். கடையில் ஆள் இல்லை. அப்பா மூலையில் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, சவரம் செய்யும்போது வெட்டுப் பட்டால் வைக்கிற படிகாரக் கல்லைக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தாராம். பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்த இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்கப்பா காலுல, கணுக்காலுக்கு மேல, உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு" என்றார். "சாக்ஸை உரிச்சா சதையும் சேந்து வருது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு நோய் உண்டு. ரத்தம், சீழ், புண் எதைப் பார்த்தாலும் கண் இருட்டிக்கொண்டு வந்து, கட்டை சாய்வதுபோல் சாய்ந்துவிடுவேன். கறிக்கடை இருக்கிற தெருவில் நான் நடப்பதே கிடையாது.

மறுநாள் காலையில் இவர் அப்பாவின் கடை ஷட்டரைத் தானே இழுத்து இறக்கினார். ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "மாமா, ஏறுங்க" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். அப்பா ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற அறை கடைசியில் இருந்தது. அங்கிருந்த சிஸ்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, குரலை மட்டும் கீழே இறக்காத அம்மாள். என் நிலைமையைக் கேட்டதும் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அதனால் நடந்ததெல்லாம் எனக்குக் காதால் தெரிந்ததுதான்.

"எத்தனை நாளா இருக்கு ஐயா?"

"ஒரு பத்து நாள் இருக்கும்."

"பத்து நாள் புண்ணுக்கு இப்படி ஓரம் தடிக்காது. என்கிட்டயேவா?"

"பத்து மாசம்" என்றார் அப்பா.

பத்து மாதம் இந்த மனுஷர் என் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, வலி தெரியாதவர்போல் நடந்திருக்கிறார்.

பிறகு கையிலும் கணுக்காலிலும் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. ஏதோ சின்னக் கருவி, உஸ்... உஸ்... என்று காலுக்குள் ஓடும் ரத்தத்தைப் பேச வைத்தது.

"காலுக்கு ரத்தம் நல்லாத்தான் இறங்குது" என்றார் சிஸ்டர். "அது சரியில்லன்னா இறுக்கிக் கட்டவே கூடாது, காலே போயிடும். அதான் முதல்ல இதைப் பாக்குறது. உங்களுக்கு இறங்குனது திரும்ப ஏற மாட்டேங்குது. ரத்தக் குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. நின்னு நின்னு எல்லாம் தளர்ந்துபோச்சு. தேங்குற தண்ணியை வடிக்கிறதுக்கு நிணநீர்ப் பாதைன்னு இன்னொண்ணு இருக்கு. பாவம், அதுவும் எத்தனை நாள் தாங்கும்? கால் வீங்கிக் கிடக்கு. வீக்கம் வத்தாம நீங்க மேல படிகாரம் என்ன, வைரத்தைப் பொடிச்சுப் போட்டாலும் ஆறாது."

மருந்தை வைத்துக் கட்ட வேண்டும், விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் இழுத்துக் கட்ட வேண்டும், வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும் என்றார். வீட்டில் யார் கட்டுவது?

"நான் கட்டுறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஐயய்யோ! மாப்பிள்ளையா? மாப்பிள்ளை என் காலைத் தொடுறதா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தர் வந்து கட்டுவாரான்னு கேளுங்க" என்றார் சிஸ்டர். "வந்தா நான் மாப்பிள்ளையை அனுப்பிடுறேன்."

அன்றே கற்றுக்கொடுத்தார். பாதம் நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். முதலில் பஞ்சுச் சுருள். அதன்மேல் கட்டுத் துணி. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும். எங்கேயும் கூடாமல் குறையாமல் ஒரே இழுப்பு. இவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "இழுப்பு எவ்வளவுன்னு கையில காட்டுங்க." பிறகு தானே ஒரு முறை கட்டினார். சிஸ்டர் விரலால் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

"எந்த ஆஸ்பத்திரியில வேலை பாத்தீங்க?"

"மோட்டார் கடை."

"அதானே பாத்தேன்! ஆனா ஒண்ணு. மோட்டாருக்கு வலிக்காது, இவருக்கு வலிக்கும். விரல் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடினாலோ யோசிக்காதீங்க, உடனே அவுத்துடுங்க."

புதன், சனி. சாயங்காலம் ஆறரை. நடு அறையில் அப்பா நாற்காலியில், இவர் கீழே சின்ன ஸ்டூலில். வாளிக்குள் புதுப் பிளாஸ்டிக் பை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதில் காலை வைத்துக் கழுவுவார். விரல் இடுக்குகளை ஒற்றித் துடைப்பார். காய்ந்து செதிலாகிப்போன தோலுக்கு வாஸ்லின். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு வாரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பிறகு, "வலிக்குதா மாமா?" "இல்ல." "இங்க?" "கொஞ்சம்." இப்படி ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை அப்பா, "ஒரு மோட்டாருக்கு எத்தனை சுத்து சுத்துவீங்க?" என்று கேட்டார்.

"அது மோட்டாரைப் பொறுத்து மாமா. எண்ணிக்கை தப்பினா புகைஞ்சிடும்."

"எனக்கும் அப்படித்தான். கிருதா ஒரு நூல் ஏறிட்டா ஆளே புகைவான்."

இவர் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்த குருவி பறந்துவிடுமோ என்பதுபோல.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். ஆறாவது வாரம் சறுக்கியது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். தெருவில் உள்ள பிள்ளைகளின் தலையெல்லாம் அப்பாவின் கடையில்தான். கட்டோடு ஷூ நுழையவில்லை என்று அப்பா கட்டை அவிழ்த்து டிராயருக்குள் போட்டுவிட்டு, காலையிலிருந்து பத்து மணி நேரம் நின்றிருக்கிறார். சாயங்காலம் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டு வந்தார். கால் முழங்கால் வரைக்கும் சிவந்து, தொட்டால் அனல் அடித்தது. நேராக ஆஸ்பத்திரி. கிருமி தோலுக்குள் பரவிவிட்டது, ஐந்து நாள் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனோம். போர்வை அப்பாவின் காலை மூடியிருந்ததால் நான் தலைமாட்டில் உட்கார முடிந்தது. இவர் உட்காரவில்லை. இவருக்குக் கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. காது மடல் சிவந்திருந்தது.

"ஏன் மாமா அவுத்தீங்க? ஷூதான் காரணமா? சொல்லியிருந்தா அகலமா ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்க மாட்டேனா?"

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"எங்கப்பாவுக்கும் காலு" என்றார். "இதைவிடப் பெருசு. யானைக்கால்காரர்னுதான் தெருவுல அவருக்குப் பேரு. கடைசி ரெண்டு வருஷம் பின்னாடி அறையிலயே கிடந்தார். நீர் வடிஞ்சுக்கிட்டே இருக்கும். நான் சாப்பாட்டுத் தட்டை நிலைப்படியில வச்சிட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருவேன். சின்னப் பையன்னு நினைக்காதீங்க. இருபத்திரண்டு வயசு எனக்கு. ஒரு நாள் கூப்பிட்டார். 'இந்த விரல் இடுக்குல மட்டும் கொஞ்சம் துடைச்சு விடுறியா, அரிக்குது'ன்னார். இதோ வரேன்னு சொல்லிட்டு சினிமாவுக்குப் போயிட்டேன்."

கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் இறங்கியது. நான் முந்தானையால் துடைத்தேன்.

"பெத்த பிள்ளை நான் தொடல. நீங்க யாரோ பெத்த பிள்ளை. கீழ உக்காந்து அந்த விரல் இடுக்கைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குச் சவுக்கால அடிக்கிற மாதிரி இருக்கு மாப்பிள்ளை. ஆறாமயே போகட்டும்னு ஒரு சமயம் தோணுது."

இவர் என்ன சொல்லித் தேற்றப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்ல இவருக்கு வராது.

"அதுக்கு நான் என்ன மாமா பண்றது?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "காலைக் கொஞ்சம் தூக்குங்க. தலையணை நழுவுது."

அப்பா தூக்கினார். இவர் தலையணையை நகர்த்தி, இன்னொன்றையும் மடித்து அதன்மேல் வைத்து, காலை இறக்கிவைத்தார். போர்வையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"ஆனா கோபம் கோபம்தான். இன்னொரு தடவை அவுத்தீங்கன்னா உங்க கடையைப் பூட்டிச் சாவியை ஆத்துல வீசிருவேன்."

"எந்த ஆத்துல? தண்ணியே இல்லையே" என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சாக்கடையில வீசுறேன்."

அப்பா சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார்.

வீடு திரும்பியதும் சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, சிஸ்டர் சரி என்ற பிறகு இவர் மறுபடி கட்டினார். இவர் பழைய ஸ்டூல் ஒன்றுக்குச் சக்கரம் வைத்து, இருக்கையை உயர்த்தி, அப்பாவின் கடையில் கொண்டுபோய்ப் போட்டார். "உக்காந்துக்கிட்டு முடி வெட்டுறதா? அது என்ன வெட்டு?" என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்த அப்பா, மூன்றாம் நாள் அதில் நாற்காலியைச் சுற்றி உருண்டுகொண்டிருந்தார். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வர வேண்டும். மத்தியானம் கடைப் பெஞ்சில் படுத்து, காலைச் சுவரில் உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இது சிஸ்டரின் உத்தரவு. வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். சிலர் தங்கள் பேண்டையும் தூக்கி, "என் காலையும் ஒரு தடவை பாருங்களேன்" என்றார்கள்.

மாதம் ஒரு முறை சிஸ்டர் கண்ணாடித் தாள் ஒன்றைப் புண்மேல் வைத்துப் பேனாவால் ஓரத்தை வரைந்து கொடுப்பார். புண்ணைப் பார்க்க முடியாத நான் அந்தத் தாள்களைப் பார்த்தேன். முதல் தாளில் என் உள்ளங்கை அடங்கியது. அப்புறம் எலுமிச்சம்பழ அளவு. அப்புறம் முந்திரிப் பருப்பு. எட்டாவது மாதம் சிஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வரைய ஒண்ணுமில்ல" என்றார். மெல்லிய ரோஜா நிறத்தில் தோல் மூடியிருப்பதாக இவர் வெளியே வந்து சொன்னார். சொல்லும்போது இவருடைய கை என் கையைத் தேடிப் பிடித்தது.

இனிமேல் காலுக்கு இறுக்கமான உறை. காலையில் எழுந்ததும் போட வேண்டும், ஆயுசு முழுக்க. "ஆறிடுச்சுன்னு நினைச்சு விட்டுடாதீங்க ஐயா, இது எப்போ வேணா எட்டிப் பார்க்கும்" என்று சிஸ்டர் சொல்லியனுப்பினார்.

அது எட்டித்தான் பார்த்தது, பதினோரு மாதம் கழித்து. ஒரு வியாழக்கிழமை மாலை இவர் மோட்டார் கம்பிக்குப் பூசும் வார்னிஷ் ஒட்டிய கையோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். வாசலில் அப்பாவின் குரல்.

"மாப்பிள்ளை! எங்க இருக்கீங்க? இங்க வந்து பாருங்க. அதே இடத்துல அவரை விதை அளவுக்கு ஒண்ணு வந்திருக்கு."

"எப்போ பாத்தீங்க?"

"கால் மணி நேரம் ஆகுது. உறையில ஈரம் பட்டுச்சு. கடையைப் பாதியில சாத்திட்டு வந்துட்டேன்."

"நல்லது பண்ணீங்க. உக்காருங்க, கையைக் கழுவிட்டு வந்துடுறேன்."

நான் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். நாற்காலி இழுபடும் சத்தமும், கடையில் முடி வெட்ட வந்தவனைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு வந்த கதையை அப்பா சொல்ல ஆரம்பித்ததும் கேட்டது. இந்த முறை மூன்றே வாரத்தில் மூடிக்கொண்டது.