மலையை வலம்வந்த கப்பல்கள்

2021ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, மழை விட்டு வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தபோது, கீழ்பென்னாத்தூர் ஏரியில் முதல் கப்பல் வந்து நின்றது. அண்ணாமலை உச்சியில் சற்று முன் ஏற்றிய தீபத்தைக் கலங்கரை விளக்கமெனக் கருதி வந்ததாக மாலுமிகள் கூறினர். மறுநாள் ஏரி நீர் உப்புக் கரித்தது, அலையும் அடித்தது. கரையோரத்தில் பொன்னி என்னும் விவசாயிக்கு இருந்த மூன்று ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லையில் இரண்டு ஏக்கர் கடலாயிற்று. நீர் வடியும்வரை பொறுக்குமாறு ஊரார் சொன்னார்கள். பொன்னி பொறுக்கவில்லை. எஞ்சிய ஓர் ஏக்கரில் கருங்கல் அடுக்கித் துறைமேடை கட்டினார்.

கப்பல்களுக்கு வழிகாட்டும் பணியைப் பொன்னியின் தம்பி தசரதன் ஏற்றார். கிரிவலப் பாதையில் இருபது ஆண்டுகள் ஷேர் ஆட்டோ ஓட்டியவர் அவர். ஆகவே ஒவ்வொரு கப்பலையும் முதலில் திருவண்ணாமலைக்குக் கொண்டுசென்று, மலையை வலமாக ஒரு சுற்றுச் சுற்றிய பின்னரே துறைக்கு அழைத்துவந்தார். சாலையில் நீர் வேண்டிய அளவு எழுந்து, கப்பல் கடந்ததும் வடிந்தது. பேருந்துகள் ஓரமாக நின்று வழிவிட்டன. நேர்வழி இருக்க இந்தச் சுற்று எதற்கென ஒரு கப்பல் தலைவர் கேட்டார்.

“மலைய வலம் வராம நேரா ஓட்டணும்னா வேற ஆள பாத்துக்கோங்க” என்றார் தசரதன்.

வேறு ஆள் இல்லை. இரண்டாம் ஆண்டு முதல் மாலுமிகள் சிலர் அச்சுற்றின்போது காலணியைக் கழற்றி வைத்தார்கள். மூன்றாம் ஆண்டுக்குள் கயிற்றுக் கடைகள் பதினொன்றும், மாலுமிகள் தங்கும் விடுதிகள் நான்கும், கப்பல் பாய் தைக்கும் மகளிர் குழு ஒன்றும் கீழ்பென்னாத்தூரில் அமைந்தன. வேர்க்கடலை மூட்டைகள் பெயர் தெரியாத நாடுகளுக்குச் சென்றன.

2024 ஜூன் மாதம் அறிவிப்பு வந்தது. மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. எனவே துறைமேடை ஏரி ஆக்கிரமிப்பு. முப்பது நாளில் இடிக்கப்படும். பொன்னி ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று, குறைதீர்வு நாள் வரிசையில் நின்று, துறைமுகமாக அறிவிக்கக் கோரி மனுக் கொடுத்தார். பொறுப்பு அதிகாரி கீதாஞ்சலி நேர்மையானவர். ஒவ்வொரு முறையும் வரைபடத்தை விரித்துக் காட்டி மறுத்தார். எனினும் இடிக்கும் இயந்திரம் புறப்பட வேண்டுமானால், கடல் இல்லை என்னும் சான்று அவருடைய கையொப்பத்துடன் கோப்பில் இருந்தாக வேண்டும்.

ஜூலை 8ஆம் நாள், கெடு முடியும் திங்களன்று, பொன்னி ஐந்தாவது மனுவுடன் வந்தார்.

“மேப்புல கடல் இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும்?”

“இல்லன்னே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க மேடம். துறையில மாட்டி வெக்கறேன். கப்பலுங்க படிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போவட்டும்.”

வரிசையில் சிலர் சிரித்தனர். கீதாஞ்சலி சிரிக்கவில்லை, தட்டச்சிட்டு வைத்திருந்த சான்றை எடுத்தார். அப்போது சன்னலுக்கு வெளியே தசரதனின் கப்பலொன்று வழக்கமான சுற்றில் சென்றது. நீர் அலுவலகத்துக்குள் வந்து, மேசைக் கால்களில் ஒரு சாண் ஏறி, வடிந்தது. கீழடுக்குக் கோப்புகளில் உப்புப் படிந்தது. நனைந்த தம் புடவைக் கரையைக் கீதாஞ்சலி குனிந்து பார்த்தார். கண்ணெதிரே இருப்பதை இல்லையென எழுதிப் பழக்கமில்லை அவருக்கு. சான்றைக் கிழித்துவிட்டுப் புதுத்தாளில் தம் கையாலேயே எழுதினார்: கீழ்பென்னாத்தூர் துறைமுகமென ஏற்கப்படுகிறது, நிபந்தனை ஒன்றே, கப்பல்கள் மலையை வலமாகவே சுற்றிவர வேண்டும். கையொப்பமிட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

பொன்னி அதை இருமுறை படித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“தேதி போடலிங்க மேடம்.”

கீதாஞ்சலி தேதியை இட்டு, மை உலர ஊதி, ஆணையைப் பொன்னியிடம் கொடுத்தார்.