இடது முட்டி மெஷின்

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கூலி இன்னும் மலிவாகக் கிடைக்கும் தேசத்துக்கு மெஷின்கள் கப்பலில் போகின்றன. ஆட்களுக்கு மட்டும் அந்தக் கப்பலில் இடமில்லை.

மெஷின்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை ஃபிட்டர் தலையில் விழுந்தது. இத்தனை வருஷம் பழுது பார்த்தவனே மூட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது மேலிடத்து நியாயம்.

அவன் மனைவி அங்கேதான் காலர் தைத்தாள். அவளுக்கு வலது முழங்கால் மடங்காது. ஊசிக்குக் கீழே துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்க, வலது முட்டியால் ஒரு தகட்டைத் தள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் அவன் அந்தத் தகட்டை இடது பக்கம் மாற்றிக் கொடுத்தான். “அவனவன் பொண்டாட்டிக்குத் தங்கத்துல போடுவான், இவன் தகரத்துல போட்டிருக்கான்” என்று தையல் லைனே சிரித்தது.

வேறெந்தக் கம்பெனியிலும் அவளால் தைக்க முடியாது. அந்த மெஷின் கிடைத்தால் வீட்டிலேயே தைத்துப் பிழைத்துக்கொள்வாள். மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

“சோதனையில தேறாதது இங்கதாம்மா கிடக்கும். அப்ப எடுத்துக்கோ” என்றார் அவர்.

தகடு இடம் மாறிய மெஷின் எங்கே தேறப்போகிறது?

“அதுல மட்டும் கை வச்சிடாதீங்க” என்றாள் காலையில் புருஷனிடம்.

“எனக்குத் தெரியாதா?”

எண்ணெய் விட்டான், திருகை இறுக்கினான், துடைத்தான், அடுத்ததற்குப் போனான். மனசு மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடச் சொல்லியிருக்க மாட்டான். கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. ஒரு மெஷினில் தகடு தப்பான பக்கம் இருந்தது. “எவன்டா இப்படி மாட்டினது?” என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றி, வலது பக்கம் பூட்டினான். அடுத்ததற்குப் போனான்.

சாயங்காலம் அவள் ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தேறாதவற்றுக்கு ஒதுக்கிய மூலை காலியாக இருந்தது. சுவரோரம் பெட்டிகள் ஆணியடித்து நின்றன, எல்லாம் ஒரே மாதிரி.

“நம்ம மெஷின் எங்க?”

அவன் மூலையைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

“யாரோ தப்பா மாட்டியிருந்தாங்க... நான்தான் சரி பண்ணிட்டேன்.”

அவள் வண்டிக்காரரிடம், “நீங்க போங்கண்ணே” என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது முட்டி மட்டும் நகர்ந்து வந்து அவன் தொடையைத் தள்ளியது. விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தள்ளியது. அது அவளுக்குத் தெரியவில்லை.

இறங்கும்வரை அவன் காலை நகர்த்தவில்லை.