சைனா பரோட்டா

பெயிண்டர் ஏணியில் நின்று பலகையின் கடைசி எழுத்துக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். 'சைனா பரோட்டா.' அந்தப் பேரை வைத்த சடையாண்டி உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

குவைத்தில் நாலு வருசம் மெஸ்ஸில் பரோட்டா போட்டபோது பழகியது, ஆளுக்கு ஒரு பட்டப்பேர் வைப்பது. பாகிஸ்தான்காரன் என்றால் பச்சை, தமிழன் என்றால் பாண்டி. ஒரு பேரை ஒட்டிவிட்டால் போதும், ஆளைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அங்கே சடையாண்டியைச் சடையாண்டி என்று ஒருத்தனும் கூப்பிட்டதில்லை. திரும்பி வந்து பேகம்பூரில் கமர்ஜஹான் அக்கா நடத்தும் கடையில் சேர்ந்தான். தெருவைப் பார்த்த பரோட்டாக் கல்லை எட்டு வருசம் யாருக்கும் விட்டுத்தரவில்லை. மேசை துடைக்க தில் பகதூர் வந்து நின்ற அன்றே, அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏலே சைனா" என்றான்.

"நான் நேபாள்ணே."

"எல்லாம் ஒண்ணுதான்டா." கடையே சிரித்தது.

மூன்று வருசம் கழித்து சடையாண்டிக்கு மணிக்கட்டு பிசகியது. இருபது நாள் கல்லில் நின்றவன் தில் பகதூர். கை சரியாகி வந்தபோது, வண்டியை நிறுத்தும்போதே ஆட்கள் "சைனா, ரெண்டு செட்டு" என்றார்கள். சடையாண்டி ஒரு பரோட்டாவைப் பிய்த்துப் பார்த்தான். ஏடு ஏடாகப் பிரிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கல்லு எனக்கு எப்பக்கா?" என்று கமர்ஜஹானிடம் கேட்டான்.

"கூட்டம் அவனக் கேட்டுல்லண்ணே வருது. நீங்க வச்ச பேருதான், நல்ல ராசி."

பெயிண்டர் ஏணியை மடக்கிப் போனதும் கீர்த்தனா என்ற பெண் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊரில் கடை கடையாகச் சாப்பிட்டு ரீல்ஸ் போடுகிறவள். கல் முன்னால் நின்று, "அண்ணா, நெசமாவே சைனாக்காரங்களா நீங்க?" என்றாள்.

சடையாண்டி கத்தியைப் போட்டுவிட்டு முன்னே வந்தான். "அவன் சைனாவுமில்ல, ஒண்ணுமில்ல. நேபாளத்துக்காரன். பேரு தில் பகதூர்."

அந்தப் பேரை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தில் பகதூரின் கையில் மாவு நின்றது. சடையாண்டியை ஏற இறங்கப் பார்த்தான்.

"அது வந்த புதுசுலண்ணே. இப்ப சைனாதான்," என்று சொல்லிவிட்டு மாவை வீசினான்.

கீர்த்தனா சிரித்துவிட்டாள். "அங்கிள், செத்த தள்ளிக்கங்க. வீடியோல நீங்க விழுறீங்க."

ஓரடி தள்ளினான். அவள் மறுபடி கையாட்டினாள். அடுத்த அடி அவனைப் படி இறக்கித் தெருவில், காத்திருந்த ஆட்களுக்கு நடுவே விட்டது. தில் பகதூர் நாலு பரோட்டாவை அடுக்கி இரண்டு பக்கமும் அடித்தான். ஆவி கிளம்பியது. சடையாண்டிக்கு வாயில் எச்சில் ஊறியது.