சௌம்யாவின் சேவல்

தியேட்டரில் விளக்கை அணைக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த அப்பா சாந்திநாதன், "உன் பொம்மைப் படத்துல யாரும்மா ஹீரோ?" என்று கேட்டார்.

"சேவல்ப்பா."

சொன்ன பிறகுதான் சௌம்யாவுக்கு, சின்ன வயதில் கேட்ட ராஜா கதை ஞாபகம் வந்தது.

மெட்ராஸ் கார்ட்டூன் கம்பெனியில் மூன்று வருடம் அடுத்தவர் படங்களுக்கே வரைந்து கொடுத்தவள் அவள். இது அவளே இயக்கிய முதல் படம். இரண்டு நிமிடம்தான், பெரிய படத்துக்கு முன்னால் போடுகிறார்கள், அதுவும் சொந்த ஊரான திருவண்ணாமலையிலேயே. அடுத்த படமும் அவளுக்குத்தான் என்று முதலாளி சக்கரவர்த்தி சொல்லியிருந்தார். அப்பாவோ, அவளைத் திரும்ப வேலைக்கு அனுப்புவதா என்பது படத்தைப் பார்த்த பிறகுதான் முடிவு என்றிருந்தார். ஒன்று, திங்கட்கிழமை மெட்ராஸ். இல்லாவிட்டால் ஆரணி மாப்பிள்ளை.

மாவில் செய்த சேவலை வெட்டிய பாவத்துக்கே பிறவி பிறவியாக அலைந்த ராஜாவின் கதையைச் சொல்லிச் சோறூட்டும் ஜைன வீடு அது. அந்த வீட்டுப் பெண் ஒரு சேவலைக் கத்திக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறாள். வரைந்த இரண்டு மாதமும் ஜனங்கள் சிரிப்பார்களா என்ற கவலைதான் இருந்தது. ராஜா ஞாபகத்துக்கே வரவில்லை.

திரையில் சமையல்காரன் சேவலைத் துரத்தினான். கத்தி ஓங்கியது, இறங்கியது. சேவல் தோசை மாதிரி தட்டையானது.

அப்பா எழுந்துவிட்டார்.

"யோவ் பெருசு, குந்துய்யா! தலை மறைக்குது!"

அவர் திரும்பாமல் வெளியே நடந்தார். சௌம்யா பின்னாலேயே ஓடினாள்.

"மாவுச் சேவலுக்கே என்னா ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா? ஆற அமர உக்காந்து வரைஞ்சிருக்க!"

"வெட்டறதுக்கு ரெண்டே படம்தாம்ப்பா வரைஞ்சேன். அது எழுந்து, றெக்கையை உதறி, சமையல்காரனையே தொரத்தறதுக்கு நாப்பத்தெட்டு படம். பதினோரு நாள் வேலை. அதைப் பாக்காமலே வந்துட்டீங்க."

உள்ளே கூரை அதிரச் சிரித்தார்கள். அப்பா கதவைப் பார்த்தார்.

"எழுந்துடுச்சா?"

"ம்."

"ரத்தம்?"

"ஒரு சொட்டு கூட இல்லப்பா."

அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "இனிமே கத்தி வரையமாட்டேன்னு சொல்லு" என்றார்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை பஸ் ஏறிவிடலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

"சொல்ல முடியாதுப்பா. டைரக்டர் எதைக் கேட்டாலும் வரைஞ்சு குடுக்கறதுதான் என் வேலை."

"அடுத்த படத்துக்கு யாரு டைரக்டரு?"

"அது... நான்தான்."

"அப்புறம் எவன் வந்து உன்னைக் கத்தி வரையச் சொல்லப் போறான்?"

"அப்பா, அப்போ திங்கக்கிழமை..."

"ஆரணிக்காரங்களுக்கு வேணாம்னு நான் போன் பண்ணிக்கறேன்."

கோபம் இறங்காத முகத்தோடேயே அவர் எதிரிலிருந்த டெலிபோன் பூத்தை நோக்கி நடந்தார்.