கஸ்தூரி திட்டாத எட்டு மாதம்

கஸ்தூரி ஒரு மணி நேரம் யாரையும் திட்டாமல் இருந்தாள் என்று சொன்னால் கீழ்பென்னாத்தூரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அங்கே தொடக்கப் பள்ளியில் அவள் தலைமை ஆசிரியை. பிள்ளைகளைத் திட்டுவதில்லை, பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்துப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். பஸ் கண்டக்டர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பைக் கம்மியாகப் போட்ட சமையல்காரர் என்று எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவள் தன் பழைய சிநேகிதன் அறிவுச்செல்வனை எட்டு மாதமாக ஒரு வார்த்தை திட்டவில்லை. அறிவுச்செல்வனின் உண்மையான வியாதி அதுதான். இடுப்பு எலும்பு உடைந்தது டாக்டர் பார்த்துக்கொள்கிற விஷயம்.

உடைந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். மார்கழி மாதம், வேங்கிக்காலில் அவனுடைய புது வீட்டுத் தெரு. பக்கத்து வீட்டுக்காரி தெருவை அடைத்துப் பெரிய கோலம் போட்டிருந்தாள். அதன்மேல் வண்டி ஏறக் கூடாது என்று ஹேண்டில்பாரை ஒடித்தவன், சாக்கடை மூடியில் வழுக்கிக் குப்புற விழுந்தான். கோலத்துக்கு ஒரு புள்ளிகூடச் சேதம் இல்லை. இவனுக்குத்தான் ஆபரேஷன், இடுப்பில் தகடு, பிறகு வாக்கர்.

அறிவுச்செல்வன், கஸ்தூரி, கிரில் பட்டறை இராமலிங்கம், நர்சரி வைத்திருக்கும் காசி, இந்த நாலு பேரும் பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்தவர்கள். பத்தொன்பது வருடமாகப் பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலையில் மலை சுற்றியவர்கள். பக்தியைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. பதினாலு கிலோமீட்டரும் சண்டைதான். ஒருவன் வாங்கிய நிலம், இன்னொருவன் பார்த்த மாப்பிள்ளை, போன தடவை யார் சுக்குக் காப்பிக்குக் காத்திருக்காமல் முன்னால் நடந்தது என்று எதுவும் தப்பாது. சர்வே ஆபீஸில் வரைவாளராக இருக்கும் அறிவுச்செல்வனுக்குத்தான் அதிகம் விழும். "பேர்ல மட்டும் அறிவு" என்று கஸ்தூரி ஆரம்பித்தால் கிரிவலப் பாதையில் எமலிங்கத்தில் ஆரம்பித்தது குபேரலிங்கத்தில்தான் முடியும். அவனும் சும்மா விடமாட்டான்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அதே கஸ்தூரி கட்டில் ஓரம் நின்று, "எதையும் நெனச்சுக் கவலப்படாத. நல்லா ரெஸ்ட் எடுப்பா" என்றாள்.

அந்த 'ப்பா'வைக் கேட்டு அறிவுச்செல்வனுக்குக் குலை நடுங்கியது. தனக்குத் தெரியாமல் வேறு ஏதோ பெரிய வியாதி இருக்கிறதென்று நினைத்து, டிஸ்சார்ஜ் சீட்டை இரண்டு முறை படித்தான். ஒன்றும் இல்லை. இராமலிங்கமும் காசியும் அப்படியே மாறிப்போனார்கள். டேய் போயிற்று. சண்டை போயிற்று. வந்தால் சாத்துக்குடி, உட்கார்ந்தால் "வலி தேவலையாப்பா?" எழுந்தால் "பாத்துப்பா." நாற்பது வருடச் சிநேகிதர்கள் நர்சுகள் ஆகிவிட்டார்கள். இனி நம்மை இவர்கள் மனிதனாகவே சேர்க்க மாட்டார்கள், ஆயுள் முழுக்க நோயாளிதான் என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? 'என்னைத் திட்ட மாட்டேன்கிறார்கள்' என்று உலகத்தில் எவனாவது புகார் கொடுத்திருக்கிறானா?

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமலிங்கம் போனில் ஒரு வீடியோ காட்டினான். எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில், ரோஜாச் செடிகளுக்கு நடுவே, பூனை உயரத்தில் ஒரு ரயில் விட்டுக்கொண்டிருந்தார்.

"இத்த நாம செய்யலாம்ப்பா. தண்டவாளம், இன்ஜின் நான் பாத்துக்கறேன். காசி செடி வெக்கட்டும். நீ பிளான் போடு. உனக்கும் பொழுது போவும்."

பொழுது போகும் என்பது நோயாளியிடம் பேசுகிற பேச்சு. இருந்தாலும் அறிவுச்செல்வனுக்கு ஆசை வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினால் சண்டை வராமல் இருக்குமா? எப்படியும் வந்துவிடும் என்று நம்பினான்.

வீட்டுப் பின்பக்கம், அஸ்திவாரம் தோண்டியபோது வந்த பாறைக் கற்கள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அள்ளிப்போக வருகிறேன் என்ற லாரிக்காரன் மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறான். நடுவில் அப்படி ஒன்று இருந்தால் தண்டவாளம் அதைச் சுற்றித்தான் போக முடியும். ஒருவரும் பேர் வைக்காமலே அது மலை ஆகிவிட்டது. அறிவுச்செல்வன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, வெளியே பார்த்துப் பார்த்து நான்கு நாளில் அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தான். இன்ஜின் எடை ஜாஸ்தி என்பதால் ஏறுகிற பக்கம் நீளமாக, மெல்ல உயரும். இறங்குகிற பக்கம் சட்டென்று சரியும். இராமலிங்கம் அலுமினியப் பட்டையை வளைத்துத் தண்டவாளம் செய்தான். பழைய கட்டில் சட்டத்தை அறுத்துக் குறுக்குக் கட்டைகள் போட்டார்கள். இன்ஜினுக்கு உடைந்த காரின் வைப்பர் மோட்டார், பின்னால் இழுக்கிற பெட்டியில் பைக் பேட்டரி. மலையைச் சுற்றிக் காசி ரோஜாச் செடிகள் நட்டான்.

ஞாயிறுதோறும் வேலை நடந்தது. அறிவுச்செல்வனுக்கு மட்டும் நாற்காலி. முக்காலி போட்டு உட்கார்ந்து குனிந்து வேலை செய்யலாம் என்று டாக்டர் ஆனி மாதமே சொல்லிவிட்டார். இவர்கள் விடவில்லை. "நீ சொல்லுப்பா, நாங்க செய்யறோம்."

சரி, சொல்லித்தான் பார்ப்போம் என்று அவன் வேண்டுமென்றே கோணங்கித்தனமாகச் சொல்ல ஆரம்பித்தான். தண்ணீரே போகாத இடத்தில் இரண்டு பாலம் கேட்டான். கட்டினார்கள். ஸ்டேஷனுக்குக் கத்திரிப்பூ நிறம் அடிக்கச் சொன்னான். காசி இரண்டு கை பெயிண்ட் அடித்தான். கடைசியில், ரயில் எட்டிக்கூடப் பார்க்காத மூலையில், துணி துவைக்கிற கல்லுக்கு மேல் ஸ்டேஷனை வைக்கச் சொன்னான். ரயில் வராத ஊரில் ஸ்டேஷன்! கஸ்தூரியின் வாய் ஒரு கணம் கோணியது. இதோ வருகிறது, வந்துவிட்டது என்று அறிவுச்செல்வன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான்.

"புதுசா இருக்குப்பா" என்றாள் கஸ்தூரி.

அவன் மனைவி வள்ளி துவைக்கும் கல்லை இழந்ததுதான் மிச்சம்.

ஆடிப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு மூன்று பேரும் உள்ளங்கால் தரையில் படாமல் நடந்தார்கள். என்னவென்று கேட்டான். "செருப்பு கடிச்சிருச்சு" என்றான் காசி. மூன்று பேரையும் ஒரே செருப்பா கடித்தது? வெறுங்காலில் மலை சுற்றிய கொப்புளம் எப்படி இருக்கும் என்று பத்தொன்பது வருடம் சுற்றியவனுக்குத் தெரியாதா? போனதற்கு அவனுக்குக் கோபம் இல்லை. மறைத்ததுதான் சுட்டது. அன்றைக்கு அவன் மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆவணி மூன்றாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு வெள்ளோட்டம். வள்ளி கேசரி கிளறியிருந்தாள். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே! வைத்தால் பழம் இன்ஜினில் பாதி இருந்தது. காசி ஓடிப்போய் ஒரு நெல்லிக்காய் கொண்டுவந்து வைத்தான். இராமலிங்கம் சுவிட்சைத் தட்டினான்.

இன்ஜின் நெல்லிக்காயை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. அறிவுச்செல்வனின் எதிரே இடமிருந்து வலமாக மெல்ல ஏறி, பாலங்கள் இரண்டையும் கடந்து, கற்குவியலுக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் சரிந்து இறங்கி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இராமலிங்கம் விசில் அடித்தான். அறிவுச்செல்வனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நாம் வரைந்தது ஓடுகிறது என்கிற சந்தோஷம் சாதாரணமானதா?

இரண்டாவது சுற்றில் காசியின் கைதட்டல் நின்றது. மூன்றாவது சுற்றில் கஸ்தூரி முகத்தைச் சுளித்தாள். ரயிலோடு கூடவே நாலு எட்டு நடந்து பார்த்தாள். நின்றாள். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள்.

"இராமலிங்கம், நிறுத்து" என்றாள். ரயில் நின்றது. அவள் திரும்பினாள். "மலை எந்தக் கைப் பக்கம் இருக்குது?"

அறிவுச்செல்வன் பார்த்தான். வலக்கைப் பக்கம் இருக்க வேண்டிய மலை ரயிலுக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த நாலு பேர், மூன்று மாதம் முதுகொடிய உழைத்து, மலையை அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிற ரயிலைச் செய்திருந்தார்கள்.

"வயரை மாத்திட்டா ரிவர்ஸ்ல போவும்" என்று இராமலிங்கம் அவசரமாக மாற்றிப் போட்டான். இன்ஜின் இந்தப் பக்கம் சமர்த்தாக இறங்கிப் போய், பின்பக்கச் செங்குத்தில் முட்டிக்கொண்டு நின்றது. சக்கரம் மட்டும் சுற்றியது. பிறகு பெட்டியோடு பின்னால் வழுக்கி வந்தது.

"ஜன்னல்லருந்து பாத்து வரைஞ்சேன்" என்றான் அறிவுச்செல்வன். "எழுத்து போற மாதிரி லெஃப்ட்லருந்து ரைட்டுக்குப் போட்டேன். எதிர்ல உக்காந்து பாத்தா அதான் சரியா தெரிஞ்சுது. மலை சுத்தறத வெளியிலருந்து நான் எப்பப் பாத்திருக்கேன்? உள்ளதானே நடந்துக்கினு இருந்தேன்."

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் இது வேறு. கத்திரிப்பூ ஸ்டேஷனைப் பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீர் இல்லாத பாலத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மலையை இடமாகச் சுற்றுவதை இந்த ஊர்க்காரரின் உடம்பே ஏற்காது. கஸ்தூரியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"டேய்! உனக்குக் கண்ணு கீதா இல்லியாடா? பத்தொம்பது வருஷம், மாசம் ஒருவாட்டி, எரநூறு சுத்துக்கு மேல சுத்தினவன்டா நீ! ஊருக்கெல்லாம் நிலத்த அளந்து படம் போடறியே, எத்தினி பேர் வீட்ட இப்படித் திருப்பிப் போட்டியோ! உன் வரைபடத்த நம்பி கெணறு வெட்டனவன் கதி இன்னா ஆச்சோ! சின்னப் பசங்கள கூப்ட்டுக் கேட்டாக்கூட மலைய எப்படிச் சுத்தணும்னு சொல்லுமே! இடுப்பு உடைஞ்சா மூளையுமா உடைஞ்சு பூடும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். காசி தரையைப் பார்த்தான். கேசரித் தட்டோடு வந்த வள்ளி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, மன்னிச்சுருப்பா" என்றாள் கஸ்தூரி. அவள் கண் நிறைந்துவிட்டது. "உடம்பு முடியாதவன்கிட்டப் போயி..."

அறிவுச்செல்வன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"நிறுத்தாத கஸ்தூரி."

"என்னப்பா?"

"அந்த 'ப்பா'வ நிறுத்து! திட்றத நிறுத்தாத. எட்டு மாசமா நீங்க யாரும் என்ன ஒரு வார்த்த திட்டல. நான் இன்னா செத்தா போயிட்டேன்? பாலம் வேணும்னேன், கட்டனீங்க. துவைக்கிற கல்லுல ஸ்டேஷன்னேன், சரின்னீங்க. எவனாவது ஒருத்தன் 'லூசாடா நீ'ன்னு கேப்பீங்கன்னுதான் அத்தனையும் சொன்னேன். மலைக்குப் போய்ட்டு வந்துட்டு செருப்பு கடிச்சுதுன்னு சொல்றீங்க. இவன்கிட்ட இதெல்லாம் பேசக் கூடாதுன்னு எனக்குப் பின்னாடி முடிவு பண்ணிட்டீங்க இல்ல?"

மூச்சு வாங்கியது.

"நான்தாங்க சொன்னேன்" என்றாள் வள்ளி படியில் இருந்தபடியே. "மனசு நோவாம பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் இவங்க மூணு பேருகிட்டயும், தயவுசெஞ்சு அவரத் திட்டாதீங்க, கேட்டதுக்கெல்லாம் சரின்னு சொல்லுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப வேணும்னேதான் சொன்னியா? அந்தக் கத்திரிப்பூ கலர?"

"ஆமா."

"அடப்பாவி! அத்தப் பாத்துப் பாத்து எனக்கு ஞாயித்துக்கெழமன்னாலே தலவலி. வள்ளி எட்டு மாசத்துக்கு முன்னாடி கும்பிட்ட கும்பிடுக்காக நான் நாக்கக் கடிச்சுக் கடிச்சு புண்ணாக்கி வெச்சிருக்கேன்டா!"

"ரெண்டு கை அடிச்சது நானு" என்றான் காசி. சாது. அவனுக்கே கோபம் வந்துவிட்டது. "பிரஷ்ஷு ரெண்டு வீணாப்போச்சு. நல்லா இருப்பியாடா நீ?"

இராமலிங்கம் அதற்குள் பின்பக்கம் போய்ச் செங்குத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "அந்தப் பக்கம் முழுக்கத் தோண்டி சரிவ நீட்டணும். பத்தடி தண்டவாளத்தப் பேக்கணும். ஒரு வாரம் வேல. எவன் செய்யறது?"

"செஞ்சவன் செய்யறான்" என்றாள் கஸ்தூரி. காசியின் சாமான் கூடையிலிருந்து களைக்கொத்தை எடுத்து அறிவுச்செல்வனிடம் நீட்டினாள். "எறங்கி வா. உன் தப்பு, நீ தோண்டு."

வள்ளி "பாத்து..." என்று ஆரம்பித்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். மீதியை விழுங்கிக்கொண்டு, உள்ளே போய் முக்காலியைக் கொண்டுவந்து கற்குவியலுக்குப் பின்பக்கம் மண்ணில் போட்டாள். கஸ்தூரி தோள் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு, வாக்கரை விட்டுவிட்டு, மெல்ல மெல்ல அங்கே நடந்து போய், இறங்கி உட்கார்ந்தான். தகடு இருக்கும் இடம் சுருக்கென்றது. பொறுக்கக்கூடிய வலிதான்.

முதல் வெட்டு கல்லில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வெட்டில் மண் பெயர்ந்தது. தலைக்கு மேலே மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் கொத்து பிடிக்கிற லட்சணத்தை ஒருத்தி, சரிவு எத்தனை அங்குலம் என்று ஒருத்தன், ரோஜாச் செடியின் வேரில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று காசி. நாலாவது வெட்டில் அறிவுச்செல்வனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை. மூக்கில் வழிந்து மண்ணில் சொட்டியது.

கஸ்தூரி குனிந்து பார்த்தாள்.

"அழுதுக்கினே தோண்டு. நேரமாவுது" என்றாள்.